பிள்ளை இல்லாத பால்

2013 ஏப்ரல் மாதம், தேர்வறைக் கண்காணிப்பில் நின்றுகொண்டிருந்தேன். கூடுதல் விடைத்தாள் கேட்டுக் கை தூக்கிய மாணவியிடம் போய்த் திரும்பும்போது இடது மார்பில் ஈரம் தெரிந்தது. வியர்வை என்று நினைத்தேன். மதுரை வெயிலில் அதற்கு என்ன குறை. கழிவறைக்குப் போய்ப் பார்த்தபோதுதான் அது வியர்வை இல்லை என்று தெரிந்தது. கொஞ்சம் வெள்ளையாக, கொஞ்சம் நீர்த்து, உள்பாடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் படிந்திருந்தது. எனக்கு அப்போது 34 வயது. திருமணமாகி ஆறு வருடம். பிள்ளை பெற்றதில்லை, கருவுற்றதும் இல்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு தேர்வறைக்குத் திரும்பினேன். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருந்தது ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பதினாறு மாதம். இந்தக் கட்டுரை அந்தப் பதினாறு மாதத்தைப் பற்றியது. நோய் பற்றியும் எழுதுவேன். படிக்கிற பெண்களில் யாருக்காவது பயன்படும். ஆனால் என்னை இன்னும் விடாத கேள்வி நோயைப் பற்றியதல்ல. ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிச் சொல்வது எப்போது அறிவாகக் கொள்ளப்படுகிறது, எப்போது புலம்பலாகத் தள்ளப்படுகிறது? சொல்லாமல் இருந்துவிட்டால் அந்தப் பழி யாருடையது?

நாள் தள்ளிப்போவது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. முதலில் நாற்பது நாள், பிறகு அறுபது, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வீட்டில் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன எதிர்பார்ப்பு கிளம்பி அடங்கும். அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, நல்லவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவரே ஒரு மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போனார். பெயர் பெற்ற மருத்துவர், வாசலில் எப்போதும் நாற்பது ஐம்பது பேர் காத்திருப்பார்கள். எங்களுக்கு நான்கு நிமிடம் கிடைத்தது. அத்தை எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதிக் கேள்விகளுக்கு அவர்தான் பதில் சொன்னார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"காலேஜ்ல புரொபசர். பி.எச்.டி. வேற படிச்சுக்கிட்டிருந்தா. ராத்திரியெல்லாம் தூங்க மாட்டா, டாக்டர்."

"அதான். டென்ஷன். வெயிட் குறைங்க, நல்லாத் தூங்குங்க."

ஸ்கேன் எடுத்தார்கள். சினைப்பையில் சிறு நீர்க்கட்டிகள் என்று வந்தது. பி.சி.ஓ.டி. என்று சீட்டில் எழுதி, மாத்திரை தந்தார்கள். மாத்திரை சாப்பிட்ட மாதங்களில் கணக்காக இரத்தம் வந்தது, நிறுத்தியதும் நின்றுபோனது. மார்பில் ஈரம் வந்த பிறகும் அதே மருத்துவரிடம் மூன்று முறை போனேன். மூன்று முறையும் பக்கத்து நாற்காலியில் அத்தை. பிள்ளை பெறாதவளுக்குப் பால் வருகிறது என்பதை அந்த நாற்காலியின் முன்னால் எப்படிச் சொல்வது? பாலைப் பற்றிச் சொன்னால் அடுத்து வரக்கூடிய சந்தேகங்கள் எல்லாம் எனக்கு முன்கூட்டியே கேட்டன. திருமணத்துக்கு முன் ஏதாவது? கலைத்த கர்ப்பம் ஏதாவது? அத்தை அப்படிக் கேட்டிருக்கவே மாட்டார் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அந்தக் கேள்விகளை அவர் எனக்குள் போடவில்லை. அவை ஏற்கெனவே இருந்தன.

கடைசியில் கண்டுபிடித்தது ஓர் இளம் மருத்துவர். காய்ச்சலுக்காகத் தனியாகப் போயிருந்தேன். இரவுப் பணியில் இருந்த அந்தப் பெண் என் பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டு, சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் கேட்டார்: "அக்கா, மார்புல பால் மாதிரி ஏதாவது வருதா?" அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. நான் அழுதுவிட்டேன். ஆம் என்று சொல்லக்கூட இல்லை, அழுதேன். அவர் ஒரு இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். புரோலாக்டின். கருவுறாத பெண்ணுக்கு ஏறத்தாழ 25க்குள் இருக்க வேண்டியது எனக்கு 140க்கு மேல் இருந்தது. பிறகு எம்.ஆர்.ஐ. பிட்யூட்டரி சுரப்பியில் 7 மில்லிமீட்டரில் ஒரு கட்டி.

இந்தச் சுரப்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூக்குக்குப் பின்னால், இரு கண்களுக்கும் நடுவில், மூளையின் அடியில், பட்டாணி அளவில் தொங்குகிறது. எடை அரை கிராம் சுமார். அது உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழிக்கு மருத்துவர்கள் துருக்கிச் சேணம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிட்யூட்டரி என்ற பெயருக்கு மூலமான லத்தீன் சொல்லுக்குச் சளி என்று பொருள். மூளையின் சளியை மூக்குக்கு இறக்கிவிடும் உறுப்பு இது என்று ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக நம்பியிருக்கிறார்கள். தமிழில் நம் பாடநூல்காரர்கள் அதை அப்படியே எடுத்துக் கபச்சுரப்பி என்று வைத்தார்கள். தவறான ஒரு நம்பிக்கையை இத்தனை விசுவாசமாக மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்தால் தமிழ்த்துறைக்காரியான எனக்குச் சிரிப்புதான் வருகிறது. இன்னொரு பெயர் தலைமைச் சுரப்பி. தைராய்டு, அட்ரீனல், சினைப்பை, விதைப்பை எல்லாவற்றுக்கும் ஆணை அனுப்புவதால் அந்தப் பெயர். அந்தத் தலைமைக்கும் மேலே ஹைப்போதலாமஸ் என்று ஒரு மேலிடம் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இதில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பான்மை புற்றுநோய் அல்ல. வேறிடத்துக்குப் பரவுவதில்லை. ஆனால் இரண்டு வழியில் தொல்லை தரும். ஒன்று, ஏதாவது ஒரு ஹார்மோனைத் தேவைக்கு மேல் சுரக்கும். மற்றது, பெரிதாகி அக்கம்பக்கத்தை அழுத்தும். இதற்கு நேர் மேலேதான் இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கிடுகின்றன. கட்டி அங்கே முட்டினால் பார்வையின் இரு வெளி ஓரங்களும் மங்கும். நேரே பார்ப்பது தெரியும், பக்கவாட்டில் வரும் ஸ்கூட்டர் தெரியாது. 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றைச் சிறு கட்டி என்கிறார்கள். என்னுடையது அந்த வகை. கண் தப்பியது. புரோலாக்டினைச் சுரக்கும் கட்டிக்குப் பெரும்பாலும் கத்தி தேவையில்லை என்பதும் எனக்கு அன்று புதுச் செய்தி. வாரத்துக்கு இரண்டு முறை கேபர்கோலின் என்ற சின்ன மாத்திரை. மற்ற வகைக் கட்டிகளுக்கு அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும், அதையும் பெரும்பாலும் மூக்கு வழியாகவே செய்துவிடுகிறார்கள். எனக்கு மூன்றாம் மாதம் மாதவிலக்கு தானாக வந்தது.

பிறகு பிள்ளை பிறந்ததா என்பதுதான் வாசிப்பவர்கள் அடுத்துக் கேட்கப்போவது. பதினோரு வருடமாக இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் இந்த இடத்தில் அந்தக் கேள்வி வந்துவிடும். இங்கே அதற்குப் பதில் எழுதப்போவதில்லை. பிறந்தது என்று எழுதினால் சிகிச்சை வெற்றி, இல்லை என்று எழுதினால் தோல்வி என்று கணக்கு முடிந்துவிடும். புரோலாக்டின் கூடிக்கிடந்தால் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு மெலிகிறது, உடலுறவு வலிக்கிறது, சோர்வு அப்பிக்கொள்கிறது. இவையெல்லாம் பிள்ளை வேண்டாத பெண்ணுக்கும், மணமாகாதவளுக்கும் நடக்கும். அவர்களுக்கு மருத்துவம் வேண்டாமா?

புரோலாக்டின் பற்றி அந்த நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சொன்ன ஒரு விஷயம் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. பிட்யூட்டரியின் மற்ற ஹார்மோன்களுக்குப் பெரும்பாலும் மேலிடத்திலிருந்து "சுர" என்று ஆணை வரும். புரோலாக்டினுக்கு மட்டும் தலைகீழ். "சுரக்காதே" என்று டோபமைன் இடைவிடாமல் தடுத்துக்கொண்டே இருக்கிறது. தடை தளர்ந்தால் அது தானே பெருகும். கட்டி வந்தால் மட்டுமல்ல. தைராய்டு குறைந்தால், மனநோய்க்கான சில மருந்துகளால், வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன் போன்ற மாத்திரையால்கூட அது கூடும். அதனால்தான் மார்பில் பால் கண்டவுடன் கட்டி என்று பயப்படக் கூடாது. முதலில் கர்ப்பமா என்று பார்க்க வேண்டும், தைராய்டு பார்க்க வேண்டும், சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயர்களைச் சொல்ல வேண்டும். ஆண்களுக்கும் இந்த ஹார்மோன் உண்டு, இந்தக் கட்டியும் உண்டு. அரிதாகப் பாலும் வரும்.

தாய்ப்பால் என்றாலே அன்பின் திரவ வடிவம் என்று படித்து வளர்ந்த மொழி நம்முடையது. புறநானூற்று 295ஆம் பாடலை, ஔவையார் பாடியதை, நான் வருடாவருடம் நடத்துகிறேன். போர்க்களத்தில் சிதைந்து கிடக்கும் மகனைக் கண்ட முதிய தாயின் வற்றிய மார்பு மறுபடியும் சுரந்தது என்று முடியும். வீரத்தையும் தாய்மையையும் ஒரே சொட்டில் கட்டிவைத்த பாடல் என்று பதின்மூன்று வருடம் சொல்லிவந்தேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. பாடலின் மேல் மதிப்புக் குறைந்துவிடவில்லை. பாலூட்டுகிறவளுக்குப் பிள்ளையின் அழுகுரல் கேட்டாலே பால் இறங்குகிறது. அதற்கான ஆக்ஸிடோசினும் இந்தச் சுரப்பியின் பின்மடலிலிருந்துதான் வெளிப்படுகிறது. உணர்ச்சிக்கும் சுரப்புக்கும் பாதை உண்டு என்பதை ஔவை அறிந்தே இருந்தாள். என் தகராறு பாடலோடு அல்ல, அதை வைத்து நாம் கட்டிய கணக்கோடு. பால் அன்பின் அத்தாட்சி என்றால், பால் வராதவள் யார்?

பெரியம்மா அப்படி ஒருத்தி. அம்மாவின் அக்கா. 1970களில் ஊரில், வீட்டிலேயே பிரசவம். இரத்தம் நிற்காமல் போய், பிழைக்க மாட்டாள் என்று எல்லோரும் கைவிட்டபின் பிழைத்தாள். பிழைத்தாள் என்றுதான் ஊர் சொன்னது. பால் ஒரு சொட்டு இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்தவள் கொடுத்த பாலிலும் ஆட்டுப்பாலிலும் அண்ணன் வளர்ந்தான். அதன்பின் பெரியம்மா தலைக்குக் குளித்ததே இல்லையாம். முடி கொட்டியது. சித்திரை வெயிலிலும் போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே நேரமாகும். "பெத்த பிள்ளைக்கே பால் குடுக்காதவ" என்பார்கள். "சோம்பேறிக் கழுதை" என்பார் பெரியப்பா. விடுமுறைக்குப் போகும் நாங்கள் அவள் நடப்பதுபோல் நடந்து காட்டிச் சிரிப்போம். நன்றாக நடித்தது நான்தான் என்று இன்றும் தங்கை சொல்வாள். நாற்பத்தைந்து வயதுக்குள், இரண்டு நாள் வாந்தி காய்ச்சலில் போய்விட்டாள்.

பிரசவத்தில் இரத்தம் பெருமளவில் போனால் பிட்யூட்டரி செத்துப்போகக் கூடும் என்று 1937இல் ஹரால்ட் ஷீஹன் என்ற ஆங்கிலேய மருத்துவர் விளக்கி எழுதினார். கர்ப்பகாலத்தில் அந்தச் சுரப்பி பெருக்கிறது. இரத்தம் திடீரெனக் குறைந்தால் முதலில் அடிவாங்குகிறது. பால் இறங்காது, மாதவிலக்கு திரும்பாது, குளிர் தாங்காது, சோர்வு. பல வருடம் கழித்து ஒரு சாதாரணக் காய்ச்சலைக்கூட உடம்பு சமாளிக்க முடியாமல் போகலாம். என் சீட்டுகளோடு நான் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தபோது அந்த விவரணை ஒவ்வொரு வரியாகப் பெரியம்மாவின் முகமாக மாறியது. நான் மருத்துவர் இல்லை. முப்பது வருடத்துக்கு முன் எரிந்துபோன ஒருத்திக்கு இப்போது நோயின் பெயர் சூட்டுவது யாருக்கும் எளிது, அவளால் மறுக்கவும் முடியாது. அதனால் உறுதியாகச் சொல்லமாட்டேன். ஆனால் அவள் சொன்னது நினைவிருக்கிறது. "அன்னிக்கே உள்ள ஏதோ அணைஞ்சு போச்சு பாப்பா" என்பாள். மண்ணெண்ணெய் விளக்கைச் சொல்வதுபோல் சொல்வாள். அதைவிடச் சரியான நோய்க்குறிப்பு இருக்க முடியுமா? அவளுடைய உடம்பைப் பற்றி அவளைத் தவிர எல்லோரும் தீர்ப்புச் சொன்னார்கள்.

மிராண்டா ஃப்ரிக்கர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 2007இல் வெளிவந்த தன் நூலில் இதற்கு ஒரு பெயர் தருகிறார். சான்றுரை அநீதி என்று தமிழில் சொல்லலாம். பேசுகிறவர் யார் என்பதை வைத்தே பேச்சின் நம்பகத்தைக் கேட்பவர் குறைத்துவிடுவது. அது ஒழுக்கத் தவறு மட்டுமல்ல, பேசியவரை அறிகிறவர் என்ற நிலையிலிருந்தே இறக்கிவிடுவது. பெரியம்மாவுக்கு நடந்தது இதுதான். எனக்கு நடந்தது சற்று வேறு. என்னை யாரும் நம்பாமல் போகவில்லை. நான் சொல்லவே இல்லை. சொன்னால் எப்படிக் கேட்கப்படும் என்பதை முன்கூட்டியே அறிந்து வாயை மூடிக்கொள்வதும் அதே அநீதியின் வேலைதான் என்று நினைக்கிறேன். இப்படிச் சொல்வதில் எனக்குச் சௌகரியம் இருக்கிறது என்பதும் தெரிகிறது. முனைவர் பட்டம் பெற்றவள், பெண் உடல் பற்றிக் கவிதை எழுதி மேடையில் வாசித்தவள், ஒரு மருத்துவர் முன்னால் ஒரு வாக்கியம் சொல்லவில்லை. அந்த மருத்துவர் கேட்கவில்லை என்பது உண்மை. நான் சொல்லவில்லை என்பதும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்க முடியவில்லை.

ஆண்கள் இதில் தப்பித்தவர்கள் இல்லை. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பதால் இந்தக் கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடிபடுகிறது. ஆண்களுக்குப் பெரும்பாலும் பெரிதான பிறகுதான். அவர்களுக்கு முதல் அறிகுறி உடலுறவில் ஆர்வம் குறைவது, இயலாமை. அதை அவர்கள் யாரிடம் சொல்வார்கள்? தலைவலியும் பார்வைக் குறையும் வந்த பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். ஆண்மை என்று அவர்கள் காத்துவைத்த ஒன்று அவர்கள் கண்ணையே தின்கிறது.

இனி முகத்தைப் பற்றி. இதே சுரப்பியில் வேறொரு கட்டி வளர்ச்சி ஹார்மோனைக் கூட்டும். சிறுவயதில் வந்தால் அளவுக்கு மீறிய உயரம். வளர்ந்த பிறகு வந்தால் உயரம் கூடாது. கை கால் பருக்கும், தாடை நீளும், மூக்கும் உதடும் தடிக்கும், பற்களுக்கு இடையில் சந்து விழும், குரல் கனக்கும். 1886இல் பியேர் மரீ அதற்கு அக்ரோமெகலி என்று பெயர் வைத்தார். நம் ஊர்ப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? மெட்டி இறுகும். வளையல் ஏறாது. செருப்பு ஒரு எண் கூடும். மாற்றம் மிக மெதுவாக நடப்பதால் கண்டுபிடிக்கப் பல வருடம் ஆகிவிடுகிறது. மருத்துவர்கள் பழைய புகைப்படங்களைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். கல்யாண ஆல்பம், வாக்காளர் அட்டை, பிள்ளையின் காதுகுத்து என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரியுமாம்.

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. பெண்ணின் முகத்தைப்போல் ஓயாமல் பார்க்கப்படுகிற பொருள் உலகில் வேறில்லை. கறுத்துட்டியே, இளைச்சுட்டியே, முகத்துல முடி தெரியுதே, கன்னம் உப்பிடுச்சே. தெருவில் போகிறவர்களுக்குக்கூட அதில் கருத்து உண்டு. அத்தனை கண்கள் பார்த்தும் நோய் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. அசிங்கமாகிவிட்டாள் என்பதோடு பார்வை நின்றுவிடுகிறது.

மேரி ஆன் பெவன் 1874இல் லண்டனில் பிறந்தவர். செவிலியாக வேலை பார்த்தார். 1903இல் திருமணம், நான்கு பிள்ளைகள். முப்பது வயதைத் தாண்டியதும் முகம் மாறத் தொடங்கியது. 1914இல் கணவர் இறந்தார். வருமானம் வேண்டும். உலகிலேயே அவலட்சணமான பெண் என்ற பட்டத்துக்கான போட்டியில் கலந்துகொண்டு வென்றார். 1920இல் அமெரிக்காவுக்கு அழைத்துப் போய் கோனி ஐலண்டின் வேடிக்கைக் காட்சியில் உட்காரவைத்தார்கள். 1933இல் இறக்கும்வரை அதுவே தொழில். 1927இல் டைம் இதழ் அவர் படத்தைப் போட்டுக் கேலி செய்தபோது, மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் அந்த இதழுக்கு எழுதினார். இந்தப் பெண்ணுக்கு இருப்பது அக்ரோமெகலி என்ற நோய், நோயின் துயரத்தை விளையாட்டாக்காதீர்கள் என்பது அதன் சாரம்.

குஷிங் செய்தது நல்ல காரியம். அவர் பெயரிலும் ஒரு பிட்யூட்டரி நோய் இருக்கிறது. கார்டிசோல் கூடி, முகம் உருண்டு, வயிறு பெருத்து, தோலில் ஊதா வரிகள் ஓடி, தொடை வலுவிழந்து, மனம் சோர்ந்துபோகும் நோய். பெண்களுக்கே அதிகம் வருவது. வாயைக் கட்டு, வாக்கிங் போ என்று அவர்களுக்குத்தான் அதிகம் சொல்லப்படும். குஷிங் 1912இல் எழுதிய நூலில் அந்த நோயோடு வரும் 23 வயதுப் பெண்ணை மின்னி ஜி. என்றே நாம் அறிவோம். நோயாளியின் பெயரை மறைப்பது மருத்துவ அறம்தான், மறுக்கவில்லை. ஆனால் மருத்துவர் பெயர் நோயாகி நிலைக்க, அந்த நோயைத் தன் எலும்பிலும் தோலிலும் சுமந்தவள் ஓரெழுத்தாக நின்றுவிட்டாள். நோய்க்குப் பெயர் வைக்கும்போது எந்த அறிவு அறிவாக எண்ணப்படுகிறது என்று வகுப்பில் கேட்க எனக்கு இது உதவுகிறது.

பெவனுக்குத் திரும்புகிறேன். அவர் படம் 2000களிலும் ஒரு வாழ்த்து அட்டையில் நகைச்சுவைக்காக அச்சிடப்பட்டு, ஒரு டச்சு மருத்துவர் எதிர்த்த பிறகு திரும்பப் பெறப்பட்டது. இப்போது வாட்ஸப்பில் வேறு வடிவத்தில் வருகிறார். "பிள்ளைகளுக்காகத் தன்னையே அவமானப்படுத்திக்கொண்ட தாய், இவளே உலக அழகி." எங்கள் கல்லூரி ஆசிரியைகள் குழுவில் மகளிர் தினத்தன்று இது வந்தது, கைகூப்பும் பொம்மைகளோடு. எனக்கு இந்த இரண்டாவது காட்சி முதலாவதைவிடப் பெரிதாக வேறுபட்டதாகத் தெரியவில்லை. முகம் கெட்டவள் தாயாக இருந்தால் மன்னிக்கப்படுகிறாள். பிள்ளை இல்லாமல், தன் வாடகைக்காகவும் தன் சாப்பாட்டுக்காகவும் ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் யார் அவளுக்குக் கைகூப்புவார்கள்? அவர் நன்றாகவே சம்பாதித்தார் என்கிறார்கள். அதை அடிமைத்தனம் என்று நான் சொன்னால் அவருடைய முடிவை நான் பறிக்கிறேன். சுதந்திரத் தேர்வு என்று சொன்னால் ஒரு செவிலிக்கு மற்ற கதவுகளை எல்லாம் அடைத்தவர்களை விட்டுவிடுகிறேன். இதை நான் இன்னும் தீர்க்கவில்லை.

தீராத இன்னொன்றும் உண்டு. அந்தப் பதினாறு மாதத்தில் நான் எழுதிய கவிதைகள் 2014 இறுதியில் தொகுப்பாக வந்தன. என் தொகுப்புகளில் அதற்குத்தான் அதிக வரவேற்பு. வறட்சி, உப்பு, திறக்காத கதவு என்று ஒரே மூட்டம். மாத்திரை தொடங்கிய பிறகு அந்த மூட்டம் விலகியது. தூக்கம் வந்தது. அப்படி ஒரு வரிகூட என்னால் எழுத முடியவில்லை. மருத்துவரிடம் கேட்டேன், அந்தத் துக்கம் ஹார்மோனால் வந்ததா என்று. "இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். அப்படியானால் அந்தக் கவிதைகளை எழுதியது நானா, 7 மில்லிமீட்டரா?

விளையாட்டுக் கேள்வி அல்ல. சுரப்பிதான் எழுதியது என்று ஒப்புக்கொண்டால், "அவளுக்கு டேட்டு, அதான் கத்துறா" என்று பெண்ணின் கோபத்தை ஹார்மோனுக்கு எழுதிவைப்பவர்களுக்கு நானே சாட்சி ஆகிறேன். சுரப்பிக்குச் சம்பந்தமே இல்லை என்றால், உடலை எழுதுகிறேன் என்று இத்தனை வருடம் சொன்னது பொய்யாகிறது. மாத்திரையையும் நம்ப முடியாது. அதைச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு அடக்க முடியாமல் பொருள் வாங்கும் வெறியோ சூதாட்ட வெறியோ வரக்கூடும், வீட்டில் யாராவது கவனித்துக்கொள்ளட்டும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். நான்கு புடவை சேர்ந்தாற்போல் வாங்கிய அன்று கணவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் எப்போதுமே அப்படித்தான் வாங்குவேன் என்பது அவருக்குத் தெரியாததா! நோய் ஒரு என்னையும் மருந்து இன்னொரு என்னையும் காட்டினால், நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறவள் யார்? அவளும் ஏதோ ஒரு சுரப்பின் அளவில்தானே உட்கார்ந்திருக்கிறாள்.

ஒன்று மட்டும் கவனித்தேன். பெரும் புகழ்பெற்ற ஆண் கவிஞர்களின் கவிதையை எந்தச் சுரப்பி எழுதியது என்று ஒருவரும் கேட்பதில்லை. அவர்களுடைய சோகம் காலத்தின் சோகம், அவர்களுடைய கோபம் அறச்சீற்றம். அவர்களுக்கும் ஒரு பட்டாணி தொங்குகிறது. அந்தத் தொகுப்பை மறுபதிப்பு செய்யக் கேட்டபோது முன்னுரையில் நோயைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை. ஒரு விமர்சகர் அதைத் தாய்மை ஏக்கத்தின் கவிதைகள் என்று எழுதியிருந்தார். அவருக்கு நோயை எடுத்துக் கொடுத்தால், தாய்மை ஏக்கத்துக்குப் பதில் கட்டி என்று ஒரு சொல்லை மாற்றிப்போட்டுக்கொள்வார். கவிதையைப் படிக்கமாட்டார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருந்தேன், இப்போது வருடத்துக்கு ஒருமுறை. முதல் சீட்டு எடுக்கும்போதே தனியாகத்தான் உள்ளே வருவேன் என்று சொல்லிவிடுவேன். அத்தை உயிரோடு இருந்தவரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். முதல்முறை அவருக்கு வருத்தம். கடைசிக் காலத்தில் அவருக்குச் சிறுநீர்ப்பைத் தொந்தரவு வந்தபோது, "நீ வெளியில இரு, நான் மட்டும் டாக்டர்கிட்ட பேசணும்" என்றார். அரை மணி நேரம் உள்ளே இருந்தார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி அம்மாவோடு துறைக்கு வந்தாள். வருகைப் பதிவு குறைந்திருந்தது. அம்மாதான் பேசினார். "எந்நேரமும் போனு மேடம், ராத்திரி தூங்கறதே இல்ல, அதான் தலைவலி தலைவலிங்கறா." பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேன்டீனில் டீ நன்றாக இருக்கும், குடித்துவிட்டு வாங்கம்மா என்று அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு அவள் பேசினாள். அவள் சொன்னது வேறு விஷயம். அதை எழுத எனக்கு அனுமதி இல்லை.